அடிமூடி இல்லாத கப்பல்

போன புதன்கிழமை நம் மகள் செல்வி ஐரோலியில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து வரும்போது ஒரு கட்டு ஊதுபத்தி வாங்கி வந்து உங்கள் படத்துக்கு முன்னால் கொளுத்தி வைத்தாள். நல்ல சந்தன வாசனைதான். எனக்கு அது பாதி வாசனையாகவே தெரிந்தது. மீதிப் பாதி சுட்ட பிளாஸ்டிக். பத்து வருடமாக நம் வீட்டில் சாமிக்குக் கொளுத்தியதைவிடச் சன்னலுக்குக் கொளுத்தியதுதான் அதிகம்.

சன்னல் என்றால் நம் அறையின் சன்னல் இல்லை. நீங்கள் பழைய பிளாஸ்டிக்கில் செய்த விண்வெளிக் கப்பலின் சன்னல். வெளிச்சத்தைக் கடத்தும், முடி மாதிரியான பிளாஸ்டிக் நார் ஒன்றைக் கப்பல் சுவரின் ஓட்டைக்குள் விட்டு, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியை நகவெட்டியால் நறுக்கி, ஊதுபத்தி நெருப்பை நுனிக்குப் பக்கத்தில் காட்டினால் அது கடுகு மாதிரி உருண்டுகொள்ளும். உள்ளே ஒரு விளக்கை எரியவிட்டால் அந்தக் கடுகு சன்னலாக எரியும். நெருப்பு தொட்டால் கருகிவிடும். தொடாமல் காட்ட வேண்டும். அந்தக் கை உங்களுக்கு வரவே இல்லை. அரிசி அளவு மணிகளைக் கூலிக்குக் கோத்துக் கோத்துப் பழகிய என் கைக்குத்தான் வந்தது. பெரிய கப்பலில் நானூற்றுப் பன்னிரண்டு சன்னல். நாலாம் வகுப்போடு நின்றவள்தான், ஆனால் எண்ணியதை நான் மறக்கிறவள் இல்லை.

வந்த அன்றே செல்வி விஷயத்தைச் சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் தாராவி அறையைக் காலி செய்ய வேண்டும். வரிசை முழுக்க இடிக்கப் போகிறார்கள். கீழே மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கும் காசிம் தம்பிகூடச் சாமான்களைப் பெட்டியில் போட ஆரம்பித்துவிட்டார்.

"எம்மா, ஒரு டெம்போதான் சொல்லியிருக்கேன். கட்டிலு, பீரோ, பாத்திரம். அப்பா கப்பலு வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"என் வீட்ல அத வைக்க ஜகா எங்கம்மா இருக்கு? அதுவும் மாடிய விட்டு எறங்காது. பங்காருக்காரனக் கூப்பிட்டா ஒடைச்சு எடுத்துட்டுப் போயிருவான்."

பழைய பிளாஸ்டிக் வாங்குகிறவனுக்கு! அவனுடைய மூட்டையிலிருந்துதானே அந்தக் கப்பலையே நீங்கள் பொறுக்கி எடுத்தீர்கள். ஷாம்பு மூடி இன்ஜின் ஆனது. சவரக் கத்தியின் கைப்பிடி பீரங்கி ஆனது. கம்ப்யூட்டர் விசைப்பலகையின் கட்டைகளைத் தலைகீழாக ஒட்டிச் சுவர் ஆக்கினீர்கள். மூடி வார்க்கும் பட்டறையில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து மறுபடியும் மூடிகளோடு உட்காருகிற மனிதரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. இங்கிலீஷ் படத்துக்குப் போய், ஆட்கள் பேசும்போதெல்லாம் தூங்கி, கப்பல் வரும்போது மட்டும் விழிக்கிற மனிதரையும் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து உங்களை எழுப்பிவிடுவது என் வேலை.

"பொடிச்சாமான் நெறைய ஒட்டணும்ட்டி. பாக்குறவன் கண்ணு எண்ண ஆரம்பிக்கணும், எண்ணி முடிக்கக் கூடாது. முடிச்சிட்டான்னா அது பொம்மை." இது நீங்கள் சொன்னது.

கப்பல் இறங்காது என்று செல்வி சொன்னது உண்மை. ஏணி ஏறி வரும் அந்தச் சதுர ஓட்டை ஒரு ஆள் நுழையத்தான் சரியாக இருக்கும். இறக்கையோடு சேர்த்துக் கப்பல் நாலடி. துண்டு துண்டாக மேலே கொண்டுபோய், மேலேயே ஒட்டி முடித்துவிட்டீர்கள். பட்டறையில் மயிரிழை பிசகினாலும் அச்சைத் திருப்பி அனுப்புகிறவர், சொந்த வீட்டு ஓட்டையை அளக்கவில்லை. காசிம் ஏணியில் பாதி ஏறி நின்றுகொண்டு, "அண்ணாச்சி, இத எறக்க முடியாது. கூரையப் பிரிச்சுப் பறக்க விட்டாத்தான் உண்டு," என்று சொன்னபோது நீங்களும் சேர்ந்து சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்போது நான் உங்களோடு பேச்சை நிறுத்தியிருந்தேன்.

எதற்கு நிறுத்தினேன் என்று நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை.

மாட்டுங்காவில் ஒரு மண்டபம். கப்பல், ரோபோ எல்லாம் செய்கிறவர்கள் கூடுகிறார்கள் என்று யாரோ சொல்லி, நம் சின்னக் கப்பலை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனோம். பெரிய படிப்புப் படித்தவர்கள், கடையில் விற்கும் பாகங்களை வாங்கி ஒட்டிக்கொண்டு வந்தவர்கள், எல்லோரும் நம் மேசைக்கு வந்து நின்றார்கள். திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்ததும் நம் கப்பல் ஒன்றுதான் ஊர் மாதிரி எரிந்தது. மேசைமேல் ஒரு அட்டை. அதில் உங்கள் பெயர் மட்டும். சரி, எழுதியவர்களுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன். கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வந்து, "லைட்டிங் யாரு பண்ணினா? ரொம்ப நன்னா இருக்கே!" என்று கேட்டாள். நான் பக்கத்தில்தான் நிற்கிறேன். முந்தானையைக்கூடச் சரிசெய்துகொண்டேன்.

நீங்கள் சொன்னீர்கள்: "எல்லாம் நாந்தான். இவ கூடமாட நின்னா."

கூடமாட. ஊதுபத்தி சுட்டுச் சுட்டு என் இடது கட்டைவிரலில் ரேகை தேய்ந்து, ரேஷன் கடை மெஷினில் விரல் வைத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. கூடமாட நின்றவளுக்கா ரேகை போகும்?

திரும்பும்போது மாட்டுங்கா ஸ்டேஷனுக்கு வெளியே எனக்கு மல்லிகைப் பூ வாங்கித் தந்தீர்கள். அதை ரயிலிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். "பெரிய கப்பல்ல ரெண்டு பேரு பேரையும் எழுதுதேன், போதுமா?" என்றீர்கள். அன்றோடு பேச்சை நிறுத்தினேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பெரிய கப்பலை மூடுகிற நாள். விளக்கு வயரின் முக்கியமான ஜாயின்ட் ஒன்று பாக்கி இருந்தது, கப்பலின் நடு வயிற்றில். ஈயத்தை உருக்கி ஜாயின்ட்டில் வைப்பதும் என் வேலை. கோபத்தில் கம்பியைச் சரியாக முறுக்காமல், சூடு ஏறும்வரை காத்திருக்காமல், ஈயத்தைத் தொட்டு எடுத்துவிட்டேன். நல்ல ஜாயின்ட் வெள்ளிக் கொலுசு மாதிரி மின்னும். அது சாம்பல் பூத்துப்போய் மங்கலாக இருந்தது. எனக்குத் தெரிந்தது. பேசாமல் டேப்பைச் சுற்றினேன்.

ஒரே ஒரு பேச்சுதான் அன்று பேசினேன். "அடியில ஒரு மூடி வைங்க. நாளைக்கு ஒரு வயரு போச்சுன்னா கைய எங்கன விடுவிய?"

"மூடி வச்சா கோடு தெரியும்ட்டி. கோடு தெரிஞ்சா அது டப்பா."

"ஆமா, வாழ்நாளெல்லாம் மூடி செஞ்ச மனுசனுக்கு இதுக்கு மட்டும் மூடி ஆகாதாக்கும்."

நீங்கள் கேட்கவில்லை. மேல் பாதியையும் கீழ்ப் பாதியையும் சேர்த்துப் பசை போட்டு, சுற்றிலும் கிளாம்ப் வைத்து இறுக்கினீர்கள். மறுநாள் கோட்டைத் தேய்த்து, சாயம் அடித்து, சுவிட்சைப் போட்டீர்கள். ஒரு நொடி நானூற்றுப் பன்னிரண்டும் எரிந்தன. பிறகு ஒன்றுகூட இல்லை.

அடாப்டரை மாற்றினீர்கள். சுவிட்சை மாற்றினீர்கள். காசிமிடம் மீட்டர் வாங்கி வந்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் வயரில் வைத்து வைத்துப் பார்த்தீர்கள். ஒருநாள், குற்றம் சொல்கிற குரலில் இல்லை, கெஞ்சுகிற குரலில் கேட்டீர்கள்: "உன் ஜாயின்ட்டு எல்லாம் சரிதானட்டி?"

"என் ஜாயின்ட்டக் கொற சொல்லாதிய. நான் கூடமாட நின்னவதான," என்றேன்.

அதற்குமேல் நீங்கள் கேட்கவே இல்லை. அப்புறம் மூச்சு இரைப்பு வந்தது. பட்டறைக்குப் போக முடியவில்லை. கப்பலுக்கு அடியிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொண்டு, அந்த இருட்டுச் சன்னல்களைப் பார்த்துக்கொண்டே ஏழு மாதம். "ஒருக்கா எரிஞ்சா போதும்," என்பீர்கள், என்னிடம் இல்லை, கப்பலிடம். நடு வயிற்றை வெட்டினால் சரியாகிவிடும் என்று எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வரும். வந்து, அந்த அட்டையை நினைத்துத் திரும்பிப் போய்விடும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அன்று ஏணியில் உங்களை இறக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. இறங்கும்போதும் நீங்கள் மேலேதான் பார்த்தீர்கள். திரும்பி ஏறவில்லை.

இரண்டு வருடமாக அந்தக் கப்பலுக்குக் கீழேதான் நானும் படுக்கிறேன். என் ஜாயின்ட்தான் உங்களைக் கொன்றது என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் கேட்ட ஒரே ஒன்றைக் கொடுக்காமல் அனுப்பியது அதுதான் என்று தினமும் நினைத்தேன். பங்காருக்காரன் கையில் அது உடைந்தால், என் பொய்யும் சேர்ந்து மூட்டையில் போய்விடும். யாருக்கும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

வியாழக்கிழமை மத்தியானம் உங்கள் ரம்பப் பிளேடை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். நடு வயிற்றில் குறுக்காக அறுக்க ஆரம்பித்தேன். சாயம் பொடியாகி மூக்கில் ஏறியது. உள்ளே நார்கள் அறுபடுகிற சத்தம் பல்லில் கேட்டது. ஒவ்வொன்றும் நான் கோத்தது. இரண்டு முறை நிறுத்தினேன். கீழேயிருந்து செல்வி, "எம்மா, என்ன பண்ணுத? தூசியாக் கொட்டுது!" என்று கத்தினாள். நான் பிளேடை மறுபடி ஓட்டினேன்.

கப்பல் இரண்டாகப் பிரிந்ததும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதலில் நான் தேடியது ஜாயின்ட்டை இல்லை. உள் சுவரில் டார்ச் அடித்துப் பெயரைத் தேடினேன். யாருக்கும் தெரியாமல் உள்ளே எழுதி வைத்திருப்பீர்களோ என்று. வெளிச்சம் கசியாமல் இருக்க நீங்கள் அடித்த கறுப்புச் சாயம்தான் இருந்தது. என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை.

பிறகு டேப்பைப் பிரித்தேன். என் சாம்பல் ஜாயின்ட் அப்படியே இருந்தது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். வரவில்லை. காசிமிடம் வாங்கிய மீட்டரை வைத்தேன், பீப் என்று கத்தியது. அசிங்கமான ஜாயின்ட், ஆனால் உயிரோடு இருந்தது.

அதற்கு நாலு விரல் தள்ளி, மேல் பாதியும் கீழ்ப் பாதியும் சேருகிற விளிம்பில், ஒரு வயர் அகப்பட்டு நசுங்கி, தோல் கிழிந்து, எரிந்து கறுத்துப்போயிருந்தது. மூடும்போது வயரை உள்ளே ஒதுக்காமல் கிளாம்ப்பை இறுக்கியிருக்கிறீர்கள். நீங்கள். நான் இல்லை, நீங்கள்!

"ஏங்க, பாத்தியளா! மூடி வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னனா இல்லையா? இப்ப யாரு ஜாயின்ட்டு கெட்டுது? சொல்லுங்க!"

செல்வி பயந்துபோய் ஏணியில் தலையை நீட்டினாள். "எம்மா, யாருட்ட பேசுத?"

"ஒங்கப்பாட்டதான். வேற யாருட்டப் பேசுவேன்?"

ஜெயித்துவிட்டேன். நாற்பத்தோரு வருடத்தில் இவ்வளவு சுத்தமாக உங்களை நான் ஜெயித்ததே இல்லை. எதிரில் ஆள் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தேன். அப்போதுதான் மற்றது புரிந்தது. என் ஜாயின்ட் மங்கல் என்று அன்றே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திட்டிக்கொண்டே நீங்கள் நடு வயிற்றை அறுத்திருப்பீர்கள். நாலு விரல் தள்ளி நசுங்கின வயரைப் பார்த்திருப்பீர்கள். அன்று சாயங்காலமே எரிந்திருக்கும். கெடுத்தது நீங்கள். திறக்கவிடாமல் வைத்தது நான்.

காசிம் கடையில் ஈயம் உருக்கும் கோல் ஒன்றுதான் பெட்டிக்குள் போகாமல் இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, எரிந்த துண்டை வெட்டிவிட்டு, கம்பியை முறுக்கி, சூடு ஏறும்வரை காத்திருந்து ஈயம் வைத்தேன். மின்னியது. பின் பாதிக்குப் போகும் நார்களை நானே அறுத்துவிட்டதால் அது இனி எரியாது. வெள்ளிக்கிழமை காலை பங்காருக்காரன் அதை மூட்டையில் போட்டுக்கொண்டு போனான். முன் பாதி ஓட்டை வழியாகச் சாய்வாக இறங்கியது. காசிம்தான் கீழே நின்று வாங்கினார். அவர் அப்போது ஒன்றும் கேலி பேசவில்லை. ஒரு பேட்டரியை மட்டும் என் கையில் வைத்தார்.

டெம்போவில் டிரைவருக்குப் பக்கத்தில் செல்வி. அவளுக்குப் பக்கத்தில் நான், மடியில் பாதிக் கப்பல். "எம்மா, அத எங்க வைக்கப் போற?" என்றாள். "மடியிலதான்," என்றேன். இதையெல்லாம் நான் எழுதி வைத்தாலும் அவளால் முழுசாகப் படிக்க முடியாது. அவளுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். நல்லதுதான்.

ஐரோலிப் பாலத்தில் ஏறும்போது பேட்டரியை மாட்டினேன். அந்த வெயிலில் எரிகிறதா இல்லையா என்று தெரியவில்லை. முந்தானையைத் தலைக்குமேல் இழுத்துக் கப்பலையும் சேர்த்து மூடிக்கொண்டு குனிந்தேன். இருட்டுக்குள் சன்னல்கள் எரிந்தன. நீங்கள் ஏழு மாதம் கேட்டது என் மூக்குக்கு நேராக எரிந்தது. அந்த அட்டையை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மன்னிக்கப்போவதும் இல்லை. ஆனால் அறுத்தபிறகு எத்தனை மிச்சம் என்று தெரிய வேண்டுமே என்று ஒன்று, இரண்டு என எண்ண ஆரம்பித்தேன். கண் நிறைந்து நிறைந்து ஒன்றோடு ஒன்று கலந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து எண்ணினேன். வீடு வந்துவிட்டது என்று செல்வி தோளைத் தொடும்வரை எண்ணினேன்.

எண்ணி முடிக்கவில்லை.