நாற்பத்திரண்டு ஜினியா விதைகள்

பிப்ரவரி 18. காலையிலேயே வெயில்.

இன்று அப்பாவிடம் சொல்லாதது: அக்கா போன் செய்தாள். ஏழாம் மாதமாம். "தலைப்பிரசவத்துக்கு நம்ம வீட்டுக்குத்தானேடி வரணும்? அப்பாகிட்ட கேட்டுச் சொல்றியா?" கேட்கிறேன் என்றேன். கேட்கவில்லை.

தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய் ஒன்றரை வருடம். அவள் பேரை எடுத்தால் அப்பா தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார். அம்மா இருந்திருந்தால்... வேண்டாம்.

அலமாரியில் அக்கா எடுத்து வைத்த ஜினியா விதை. மருந்துக்கடைக் கவர், மேலே அவள் கையெழுத்து. நாற்பத்திரண்டு. மாடியில் தட்டில் ஊன்றினேன். கவரைத் தட்டுக்கு அடியில் செருகியாயிற்று.

அக்கா இங்கே இருந்தபோது அப்பா காபி டம்ளரோடு ஜினியா முன்னால்தான் நிற்பார். ஐம்பது, அறுபது நாளில் பூ. பூத்த அன்று கேட்கலாம். வேறு வழி தெரியவில்லை.

பிப்ரவரி 24.

முளைத்துவிட்டன. முப்பத்தெட்டு. இரண்டு முறை எண்ணினேன்.

அப்பா: "இன்னா செடி அது?"

"நர்சரில வாங்கினதுப்பா."

செய்ய வேண்டியவை: எரு, கேஸ் புக்கிங், லைப்ரரிப் புத்தகம், அக்காவுக்கு போன் (என்ன சொல்ல?).

மார்ச் 9. புழுக்கம்.

இலை ஓரமெல்லாம் கருகல். மண்மேல் வெள்ளையாக ஏதோ. பூஞ்சையோ? வேப்பெண்ணெய் தெளித்தேன். இருபத்தாறு.

மார்ச் 15.

பதினொன்று. ஒவ்வொரு நாற்று சாயும்போதும் அக்கா இன்னும் ஓரடி தள்ளிப் போவதுபோல. முட்டாள்தனம்தான். ஆனாலும் மாடிப்படி ஏறவே பயம்.

மார்ச் 17.

கீழ் வீட்டு சரளா ஆன்ட்டி துணி காயப்போட வந்தார். "இன்னாம்மா, மாடில ஐ.சி.யூ. வார்டா? நீ எட்டு மணிக்குத்தான் எழுந்து வர்ற. உங்கப்பா விடியசொல்ல பக்கெட்ட தூக்கிகினு வந்து ஊத்துறாரே, பாத்ததில்ல?"

நீல பக்கெட். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீர். எங்கள் போர் தண்ணீரே உப்பு. அதை வடிகட்டி மிஞ்சும் உப்பெல்லாம் இந்தக் கழிவில்தான். தரை துடைக்க வைத்திருப்பது. அந்த வெள்ளை, பூஞ்சை இல்லை.

மார்ச் 18.

ஐந்தரைக்கு எழுந்தேன். அப்பா மாடியில், கம்பெனி யூனிஃபார்மில், கையில் மக்.

"அது உப்புத் தண்ணிப்பா."

"வேஸ்ட்டா போவுதேன்னு ஊத்துனேன்." குனிந்து பார்த்தார். "அதான் கருகுதா?"

மக்கைக் கீழே வைத்துவிட்டு: "நர்சரின்னு சொன்னே. கவர்ல அவ எழுத்து கீது."

அப்போது கேட்டிருக்கலாம். நாவலென்றால் இந்த இடத்தில் யாராவது அழுவார்கள். நாங்கள் கீழே வந்து இட்லி சாப்பிட்டோம்.

மார்ச் 29. வெயில், வெயில்.

மிச்சம் மூன்று. அப்பா கேன் தண்ணீர் ஊற்றுகிறார். கேன் போடுகிறவர்: "இன்னா நைனா, செடிக்கு மினரல் வாட்டரா? எங்களுக்கு எப்போ?" அப்பா சிரிக்கவில்லை.

அக்கா மூன்று முறை கூப்பிட்டாள். எடுக்கவில்லை. ஒன்றாவது பூக்கட்டும்.

ஏப்ரல் 6.

கடைசியும் போயிற்று. மொட்டுக்கூட வைக்கவில்லை. நாளை கேட்டே ஆகவேண்டும்.

ஏப்ரல் 7.

கேட்கவில்லை.

ஏப்ரல் 21.

நேற்று அக்காவுக்குப் பெண் குழந்தை. மாமியார் வீட்டிலேயே இருக்கிறாள். அவள் கணவர் அனுப்பிய மெசேஜை அப்பாவிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார்.

"வரட்டுமான்னு ஒரு வார்த்த கேக்கலியே அவ."

இன்றும் அப்பாவிடம் சொல்லாதது: கேட்டாள், பிப்ரவரி 18 அன்றே.