ராஜினாமாவை யாரிடம் கொடுத்தார் என்று கேட்ட மாணவி

அனுப்புநர்:
த. ஞானஜோதி,
சமூகப்பாட ஆசிரியை,
நல்வழி பெண்கள் உயர்நிலைப் பள்ளி,
சேலையூர், தாம்பரம் கிழக்கு.

பெறுநர்:
உயர்திரு மாவட்டக் கல்வி அதிகாரி அவர்கள்,
செங்கற்பட்டு.

பொருள்: வகுப்பில் கேள்வி கேட்ட மாணவி பள்ளியிலிருந்து நின்றது – விசாரணை கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மே மாதம் குடியரசுத் தலைவர் காலமானதும் துணைக் குடியரசுத் தலைவர் அப்பொறுப்பை ஏற்றார். ஜூலையில் அவரும் விலகினார். பத்திரிகைச் செய்தியைக் கொண்டே பத்தாம் வகுப்பில் துணைக் குடியரசுத் தலைவரின் கடமைகளை விளக்கினேன். ராஜ்ய சபைக்குத் தலைமை வகிப்பவர். நாட்டின் தலைவர் இல்லாதபோது அவ்விடத்தில் நிற்பவர். தாம் விலகினால் குடியரசுத் தலைவருக்கே எழுதித் தரவேண்டியவர் என்றேன்.

2. மாடம்பாக்கம் திரு. பொன்னுரங்கத்தின் மகள் சாமுண்டீஸ்வரி எழுந்து, "அந்த வேலையையும் அவருதானே டீச்சர் பாத்துகினு இருந்தாரு? அப்போ தனக்குத்தானே எழுதிக்கினாரா?" என்றாள். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். எனக்கும் விடை தெரியவில்லை, தேடிப் பார்ப்போம் என்றேன்.

3. அச்சமயம் வராந்தாவில் வந்த நிர்வாகக் குழு உறுப்பினர் திரு. சுப்பராயலு அவர்களின் காதில் சிரிப்பு மட்டுமே விழுந்தது. விலகியவர் இப்போது குடியரசுத் தலைவர் தேர்தலில் நிற்பதால், நான் வேட்பாளரைக் கேலி செய்து அரசியல் பேசியதாக நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். என் விளக்கம் ஏற்கப்படவில்லை. தற்போது தையல் வகுப்பு மட்டும் பார்க்கிறேன்.

4. மாணவியைக் காலை வழிபாட்டில் எல்லோர் முன்னும் நிறுத்தி மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள் நிர்வாகத்தார். "எதுக்கு சார்?" என்று கேட்டாள். அது இரண்டாவது குற்றமாயிற்று. மறுநாள் முதல் அவள் வரவில்லை.

5. முந்தாநாள் சனிக்கிழமை, அவளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்பும்படி கேட்க அவள் வீட்டுக்குச் சென்றேன். பொன்னுரங்கம் மரியாதையாகவே பேசினார். "கேள்வி கேட்டுச்சுன்னு பொண்ண நிக்க வெச்சாங்களாமே. நமக்கு எதுக்கும்மா இந்தப் பேஜாரு? கழனியில வேலை கீது. வூட்டோட இருக்கட்டும்" என்றார். சாமுண்டீஸ்வரி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டுத் தலை குனிந்து நின்றாள். வாயை மூடு என்று வகுப்பில் நானே அவளைப் பலமுறை அதட்டியிருக்கிறேன். அன்று அவள் பேசாமல் நின்றது எனக்குத் தாளவில்லை.

6. ஐயா, தலைவர் இல்லையென்றால் துணைத் தலைவர். அவரும் இல்லையென்றால் யார் என்று நாடாளுமன்றமே இவ்வாண்டு மே மாதம் யோசித்துச் சட்டம் செய்தது. அதனால்தான் இன்று தலைமை நீதிபதி அவ்விடத்தில் இருக்கிறார். பெரியவர்கள் டெல்லியில் கூடி யோசிக்கலாம், மாடம்பாக்கத்துப் பெண் ஒருத்தி கேட்கக் கூடாது என்பது எந்த விதியில் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

7. வகுப்பு மாணவிகளைத் தாங்களே அழைத்து விசாரிக்கும்படி வேண்டுகிறேன். என்மேல் தவறு காணப்பட்டால் தண்டனையை ஏற்பேன். தையல் வகுப்பிலேயே இருக்கச் சொன்னாலும் இருப்பேன். பொன்னுரங்கம் என் பேச்சைத் தட்டினாலும் சர்க்கார் முத்திரையைத் தட்டமாட்டார். "உங்கள் மகள் எந்தக் குற்றமும் செய்யவில்லை, பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று தங்கள் கையொப்பத்துடன் அவருக்கு ஒரு வரி, காலாண்டுத் தேர்வுக்கு முன் போய்ச் சேர அருள வேண்டும்.

தங்கள் நீதியை நம்பி,
த. ஞானஜோதி

இடம்: சேலையூர்
நாள்: 11-8-1969