நூறாவது ஆட்டம்

ஆகஸ்ட் 15, 1954, ஞாயிறு

இன்றும் பேப்பரில் ஓட்டை. ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் பேஸ்பால் லீக்கில் ஆடுகிற எல்லாருடைய அடிக் கணக்கையும் மேலிருந்து கீழாக வரிசைப்படுத்திப் போடுவார்கள். நான் எழுந்து வருவதற்குள் என் மனைவி வெர்னா அந்தப் பத்தியைக் கத்தரித்து அடுப்பில் போட்டுவிடுகிறாள். பிறகு ஒன்றும் நடக்காததுபோல என் முட்டையைப் பொரிக்கிறாள்.

சர்ச் முடிந்து, மருந்துக் கடையின் காபி மேசையில் காபி குடிக்கிற சாக்கில் அங்கே கிடந்த பேப்பரைப் பார்த்தேன். தேட வேண்டியதில்லை, கடைசி வரிதான். வோய்டெக், கேட்சர், 159. அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து, வீசுகிற பந்தைப் பிடிப்பது என் வேலை. ஆயிரம் தடவை மட்டையோடு போனால் நூற்று ஐம்பத்தொன்பது தடவைதான் அடித்துவிட்டு அவுட்டாகாமல் ஓடிச் சேருவேன் என்று அர்த்தம். சுமாரான ஆளே இருநூற்றைம்பது அடிப்பான். முப்பத்து மூன்று வயதில் இது என்ன பிழைப்பு?

ஆகஸ்ட் 18

நாலு தடவை போனேன். நாலும் பூஜ்யம்.

ஆகஸ்ட் 22

நேற்று கண் டாக்டரிடம் போனேன். "பருந்துக் கண்ணுப்பா உனக்கு" என்றார். சே. கண் கெட்டிருந்தால் கண்ணாடியையாவது போட்டுத் தொலைத்திருக்கலாம்.

இப்போதெல்லாம் என் மட்டையை மற்றவர்கள் மட்டையோடு சேர்த்து வைக்க விடுவதில்லை. அடி விழாத மட்டை பக்கத்து மட்டையையும் கெடுத்துவிடுமாம். நான் ஓய்வெடுக்கும் நாளில் கேட்சராக உட்காருகிறவன் ராய் பெல்ச்சர். "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க, எனக்கும் ரெண்டு பிள்ளை இருக்கு" என்று சொல்லிக்கொண்டே என் மட்டையை இரண்டு விரலால் தூக்கி, தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். செத்த எலியைத் தூக்குகிற மாதிரி. எல்லாரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை.

ஆகஸ்ட் 27

உள்ளூர்ப் பேப்பர்காரன் பழைய சாதனைப் புத்தகத்தைத் தோண்டி எடுத்துவிட்டான். இந்த லீக் தொடங்கிய நாளிலிருந்து முழுப் பருவம் ஆடியவர்களில் ஆக மோசமாக அடித்தவன் எம்மெட் க்ளோஸ்டர், 1911, கணக்கு 168. நான் இப்போது 154. "வோய்டெக் வரலாறு படைப்பாரா?" என்று தலைப்பு. படைப்பேன்டா, படைப்பேன்.

முழுப் பருவம் என்றால் நூறு ஆட்டம். அதற்கு ஒன்று குறைந்தாலும் பேர் புத்தகத்தில் ஏறாது. ஏறிவிட்டால் அவ்வளவுதான். நான் செத்த பிறகும் எவனாவது அந்தப் பக்கத்தைப் புரட்டி ஹார்லன் வோய்டெக் என்று வாசித்துச் சிரிப்பான். நான் பிடித்த பந்துகளை யார் எழுதி வைக்கிறார்கள்?

செப்டம்பர் 1

ஊர் திரும்பும் பஸ்ஸில் மேனேஜர் ப்ராண்டல் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தே பேசினார்.

"எத்தனை ஆட்டம் ஆச்சு உனக்கு?"

"தொண்ணூத்தொம்பது."

"முதுகு வலிக்குதுன்னியே."

"நான் சொல்லலையே."

"வலிக்குதுப்பா. திங்கக்கிழமை வரைக்கும் வலிக்கும். அதோட பருவம் முடிஞ்சிடும்."

மகராசன். நாங்கள் ஐந்தாவது இடத்தில் கிடக்கிறோம், இனி ஜெயித்தாலும் தோற்றாலும் ஒன்றுதான். இப்படி ஆளை உட்காரவைத்துப் பேரைக் காப்பாற்றுவது எங்கள் தொழிலில் உள்ள வழக்கம்தான். எனக்கும் செய்வார்கள் என்று நினைக்கவில்லை. வெர்னாவிடம் சொன்னதும் "அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்துவிட்டாள். ரொம்ப நாள் கழித்து இருவரும் வயிறாரச் சாப்பிட்டோம்.

செப்டம்பர் 2

இன்று எங்கள் அணியின் சிரில் மேட்சன் பந்து வீசினான். அவன் பந்து சுழலாது. குடிகாரன் தெருவில் வருவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளாடி வரும். எங்கே போகும் என்று அடிக்கிறவனுக்கும் தெரியாது, வீசுகிறவனுக்கும் தெரியாது. இந்த வருஷம் முழுக்க அதை நான்தான் பிடித்தேன். இன்று ராய். பாவம், மார்பிலும் முழங்காலிலும் வாங்கிக்கொண்டான். மூன்று பந்தை அடிக்கத் தவறினால் ஆள் அவுட். ஆனால் அந்த மூன்றாவது பந்தைக் கேட்சர் விட்டுவிட்டால் அவன் ஓடிப் பிழைக்கலாம். பிழைத்தார்கள், ஐந்து பேர். சிரில் பயந்துபோய் நேர்ப் பந்து வீச ஆரம்பித்தான். அதை எங்கள் தெருப் பால்காரரே அடிப்பார். 7-1 என்று தோற்றோம்.

நான் பெஞ்சில் வேர்க்கடலை உடைத்துக்கொண்டிருந்தேன். முதுகு நிஜமாகவே வலித்தது.

செப்டம்பர் 5, ஞாயிறு

நாளை கடைசி ஆட்டம். சிரில்தான் வீசுகிறான். அவனைப் பார்க்கப் பெரிய லீக்கிலிருந்து ஆள் வருகிறார். சிரிலுக்கு இருபத்தாறு ஆகிறது, இனிமேல் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை.

அவன் பந்தை நாளை நானே பிடிக்க வேண்டும் என்று வந்து கேட்பான் எனக் காலையிலிருந்து காத்திருந்தேன். வந்தான். வெர்னா சுட்ட ஆப்பிள் பை இரண்டு துண்டு தின்றான். மழை வருமா என்று பேசினான். கிளம்பும்போதுதான்:

"நாளைக்கு நேர்ப் பந்துதான் போடப்போறேன் அண்ணே. ராய் பாவம்."

"நேர்ப் பந்து போட்டா உன்னை எவன் எடுப்பான்?"

"அத விடுங்க. உங்க பேரு அந்தப் புத்தகத்துல ஏறக்கூடாது."

கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன். எப்படிச் சொல்வது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். கேட்காமலே போயிட்டானே, பாவி. நான் இப்ப என்ன பண்றது?

வெர்னா தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "நாளைக்கு நீ பெஞ்சில உக்காந்துட்டு வந்தா, குளிர்காலம் முழுக்க உன் மூஞ்சிய நான்ல பாத்துட்டு இருக்கணும்."

ப்ராண்டலுக்குப் போன் செய்து முதுகு சரியாகிவிட்டது என்றேன். "நாலு தடவையும் அடிச்சாக்கூட நூத்தி அறுபத்தெட்டு வராதுப்பா, கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்" என்றார். நானும் பார்த்திருந்தேன்.

செப்டம்பர் 6

ஜெயித்துவிட்டோம். 1-0. சிரில் பதினோரு பேரை மூன்று பந்திலும் ஏமாற்றித் திருப்பி அனுப்பினான். ஒரு பந்துகூட என்னைத் தாண்டிப் போகவில்லை. ஒன்று தொண்டையில் பட்டு விழுந்தது, அதையும் முழங்காலுக்கடியில் அமுக்கிவிட்டேன். பெரிய லீக் ஆள் குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தார்.

நான் அடித்தது? மூன்று தடவை போனேன், மூன்றும் பூஜ்யம். முடிவுக் கணக்கு 150. மூன்றாவது தடவை போனபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. கிண்டல்தான். தொப்பியைத் தூக்கிக் காட்டினேன்.

வாசலில் கோட்டும் டையுமாக ஒரு கிழவர் நின்றிருந்தார். அதே 1911 எம்மெட் க்ளோஸ்டர். தொண்ணூறு மைல் பஸ்ஸில் வந்திருக்கிறார். ஆறுதல் சொல்ல வந்திருக்கிறாராக்கும் என்று நினைத்தேன். மூஞ்சி உம்மென்று இருந்தது.

"ஏன்யா, ஒரு நாள் சும்மா உக்காந்திருந்தா உனக்கு என்னய்யா? நாப்பத்து மூணு வருஷமா எங்க ஊர்ல என்னைத் தெரியாதவன் கிடையாது. என்கூட ஆடுனவன் ஒருத்தனையாவது எவனுக்காவது ஞாபகம் இருக்கா? எல்லாத்தையும் கெடுத்துட்டியே."

மன்னிப்புக் கேட்டேன். வெர்னா அவரை வீட்டுக்கு அழைத்து வந்து சாப்பாடு போட்டாள். "ரெண்டாவது எடத்தை எவன் மதிப்பான்" என்று முணுமுணுத்தபடியே கோழி வறுவலைக் காலி செய்தார். சிரித்துவிடாமல் இருக்க நானும் வெர்னாவும் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும். இவ்வளவு நாளா எதுக்குப் பயந்து செத்தேன்னே தெரியல.

செப்டம்பர் 7

பத்து மணி வரை தூங்கினேன்.

மார்ச் 8, 1955

ப்ளோரிடாவிலிருந்து சிரில் கடிதம். பெரிய லீக் ஆட்களோடு பயிற்சியில் இருக்கிறான். அப்படியே எழுதிவைக்கிறேன்.

"அண்ணே, இங்க மூணு கேட்சர். ஒருத்தர் விரல் வீங்கிப் படுத்திருக்கார். மத்த ரெண்டு பேரும் என் பந்தைப் பாத்தாலே கும்பிடு போட்டுட்டு ஒதுங்கிடறாங்க. மேனேஜர்கிட்ட உங்களைப் பத்திச் சொன்னேன். அடிப்பாரான்னு கேட்டார். நூத்தி அம்பதுன்னு உண்மையச் சொல்லிட்டேன். காதுல சரியா விழுந்துச்சான்னு இன்னொரு தடவை கேட்டார். அதேதான் சொன்னேன். சரி, உடனே கிளம்பி வரச் சொல்லுன்னுட்டார்."

வெர்னா என்னை இரண்டு தடவை சத்தமாக வாசிக்கச் சொன்னாள். பிறகு, "மட்டை எடுத்துட்டுப் போகணுமா?" என்றாள். அதைப் பற்றி அவன் ஒன்றும் எழுதவில்லை என்றேன்.

நாளை காலை ஒன்பதரைக்கு ரயில்.