வடக்குத்து என்ற கிளை

வட்டம் 21, நெய்வேலி
மார்ச் 9, 2025

அன்புள்ள சிலம்பு,

சண்டை என்றால் ஆவணத்தில் வேண்டாம், கடிதத்தில் போடுவோம் என்று காலேஜ் முடித்ததிலிருந்து நாம் வைத்த வழக்கப்படி எழுதுகிறேன். ஏழாம் பிரிவைத் திருத்த, ஆவணத்தைப் பிரதி எடுத்து ‘வடக்குத்து’ என்று உன் ஊர்ப் பெயரில் நீ தனியாகப் போட்டிருந்த கிளையை அழித்துவிட்டேன். கோபப்படாதே. தூரத்து டிஸ்க்கில் கோப்பு சேமிக்க ஐந்து நாட்டு ஆட்களோடு சேர்ந்து விதி எழுதுகிறோம். கோப்பு சர்வரின் நினைவகத்துக்கு வந்ததுமே ‘சேமித்தாயிற்று’ என்று பதில் சொல்லலாம் என்பது என் விதி. டிஸ்க்கில் எழுதி முடித்த பிறகுதான் சொல்ல வேண்டும் என்கிறாய் நீ. அதுவரை யார் காத்திருப்பார்கள்? நடுவில் கரண்ட் போனால் நினைவகத்தில் இருப்பது அழிந்துபோகும் என்கிறாய். பிறந்ததிலிருந்து இந்தக் குவார்ட்டர்ஸில் கரண்ட் போய் நான் பார்த்ததில்லை, போ!

மைன்ஸில் அப்பாவுக்கு இந்த மாதத்தோடு ரிட்டயர்மென்ட். ஏப்ரலில் உங்கள் ஊரில் கட்டிய வீட்டுக்கு வருகிறோம். அம்மா இப்போதே பாத்திரம் கட்டுகிறார்.

அன்புடன்,
ஷைனி

வடக்குத்து
மார்ச் 11

ஷைனி,

கிளையை அழித்ததுகூடப் பரவாயில்லை. ‘நடைமுறையில் நடக்காத விஷயம்’ என்று ஆவணத்தில் எல்லாரும் படிக்கிற மாதிரி காரணம் எழுதினாயே, அதுதான் சுட்டது. என் வீடு நடைமுறையில் இல்லையா? மூன்று மாதம் இங்கே சோதித்தேன். நாற்பத்தோரு தடவை கரண்ட் போனது. ‘சேமித்தாயிற்று’ என்று சொன்ன ஒன்பது கோப்புகளைக் காணவே காணோம். எங்கள் மாடியிலிருந்து அனல்மின் நிலையப் புகைபோக்கி தெரியும். “தோ, கரண்டு அங்கதான் செய்றாங்க. நீ இருட்டுல இன்னா பண்ணிக்கினு இருக்க?” என்று அம்மா சிரிக்கிறாங்க. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏப்ரல் முப்பதில் இரண்டாம் பதிப்பைப் பூட்டுகிறோம். அதற்குள் என் வரி சேராவிட்டால் ஆசிரியர் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்துவிடு. நம் பழக்கமும் அதோடு போதும்.

சிலம்பரசன்

புது வீடு, வடக்குத்து
ஏப்ரல் 24

சிலம்பு,

ஆறு வாரம் பதில் போடாதது என் வீம்பு. நேற்று அப்பாவின் பிரிவு உபசார வீடியோவை லேப்டாப்பிலிருந்து வீட்டுச் சோதனை சர்வருக்கு மாற்றினேன். ‘சேமித்தாயிற்று’ என்று பதில் வந்ததும் மூலத்தைத் தானே அழிக்கும்படி வைத்திருந்தேன். என் விதிதானே, நம்பினேன். பதில் வந்தது, கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்ததும் பார்த்தால் கோப்பு காலி. முப்பத்து நான்கு வருஷம் ஷிப்ட் பார்த்த மனுஷர் மாலையோடு நின்று பேசி, பாதியில் அழுத வீடியோ அது, சிலம்பு. வேறு யாரும் எடுக்கவில்லை. “போனா போகுதும்மா” என்று சொல்லி அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்குத் தாங்கவில்லை.

தப்பு என்னுடையது. அந்தக் கிளையின் பிரதி உன்னிடம் இருந்தால் திரும்ப ஏற்று. மாட்டேன் என்றால் அதுவும் நியாயம்தான்.

ஷைனி

வடக்குத்து
ஏப்ரல் 25

ஷைனி,

ஏற்றிவிட்டேன், பதினோரு திருத்தமும் அப்படியே. மார்ச்சில் நீ எழுதிய அந்த ‘நடக்காத விஷயம்’ வரியை அழிக்காதே, அதுவும் கிடக்கட்டும். பன்னிரண்டாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். இந்த விதி எதற்கு என்று மற்ற நாட்டு ஆட்கள் உதாரணம் கேட்டார்கள் இல்லையா, அங்கே ‘ஒரு சுரங்கத் தொழிலாளியின் பிரிவு உபசார வீடியோ’ என்று போட்டேன். அப்பாவுக்கு மனசு கஷ்டமாக இருந்தால் எடுத்துவிடு.

எமர்ஜென்சி லைட் வாங்கியாச்சா? எங்களிடம் இரண்டு இருக்கிறது.

சிலம்பு

வடக்குத்து
ஏப்ரல் 26

சிலம்பு,

எடுக்கவில்லை. படித்துக் காட்டினேன். அந்த வரியை அப்பா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார். உன் கிளையை மூல ஆவணத்தோடு இணைத்தாயிற்று. டிஸ்க்கில் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சொல்கிறேன்.

நாளை ஞாயிறு. சர்ச்சில் பூசை முடிந்து வந்துவிடுவோம், பதினொரு மணிக்கு வா, போனில் சார்ஜ் போட்டுக்கொண்டு வா. அப்பா அந்தப் பேச்சை மறுபடி பேசுகிறாராம். பூமாலைக்கு அம்மா சொல்லிவிட்டார்.

ஷைனி