அப்பா இடிக்கப் போன அடுப்பு

மட்டாஞ்சேரி,
ஞாயிற்றுக்கிழமை

சிரஞ்சீவி விசுவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம். நாங்கள் இருவரும் சௌக்கியம், என் முழங்கால் மட்டும் மழையோடு கூட்டுச் சேர்ந்துகொண்டு தன் இஷ்டத்துக்கு நடக்கிறது, நீ ஆக்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு போகிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நான் உன்னோடு பேசும்போதெல்லாம் உன் அப்பா பக்கத்து அறையில் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்கிறார், அவரைப் பற்றிய சேதியை அவர் காதுபட எப்படிச் சொல்ல.

விஷயம், நீ தோட்டத்தில் செங்கல் வைத்துக் கட்டிய பார்பெக்யூ அடுப்பு. இரண்டு வருஷம் முன்பு லீவில் வந்து அதைக் கட்டி, கத்திரிக்காயும் பனீரும்தான் என்று சத்தியம் செய்துவிட்டு, நாங்கள் கோவிலுக்குப் போன நேரம் பார்த்துக் கோழி சுட்டாய். அவர் கத்த, நீயும் பதிலுக்குக் கத்தி, டிக்கெட்டை மாற்றி நான்கு நாள் முன்னாலேயே விமானம் ஏறினாய். அன்றிலிருந்து அவர் வாயில் உன் பெயரும் இல்லை, அடுப்பின் பெயரும் இல்லை. 'அந்தச் சமாச்சாரம்' என்றால் இரண்டில் எது என்று நான்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இந்த மழையில் அதன் முன்சுவர் வெடித்து இரண்டு வரிசை சரிந்தது. அப்பாவுக்கு அப்படியொரு உற்சாகம், எழுபத்திரண்டு வயதில் கடப்பாரையோடு இறங்கினார். நான்கு இடி இடித்தார், ஐந்தாவதில் இடுப்புப் பிடித்துக்கொண்டது, அடுப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்று நாள் நான் தைலம் தேய்த்தேன். பிறகு அடுத்த வீட்டு சகீலா சொல்லி, சுள்ளிக்கலில் இருக்கிற இசக்கிராஜா என்ற தென்காசிக் கொத்தனார் வந்தார். மிச்சத்தை இடித்து அள்ளத்தான் கூப்பிட்டது. அவர் உள்ளே கைவிட்டு ஒரு செங்கல்லை உருவிப் பார்த்துவிட்டு, "எந்த மேஸ்திரி சாரே கெட்டுனது? தீ எரியிற எடத்துல சாதா செங்கலும் சிமெண்டும் வெச்சா வெடிக்காம என்ன செய்யும்? பணி அறியாத ஆளு" என்று சிரித்தார். உன் அப்பா முகம் சிவந்துவிட்டது. "என் பையனாக்கும் கட்டினது. அவன் கம்ப்யூட்டர் இஞ்சினியர். முதல் தடவையிலேயே சுவரை எப்படி நேரா நிறுத்தியிருக்கான் பாரும்" என்றார். இசக்கிராஜா தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுக் காட்டினார், அரை விரல் சாய்வு. அது மழையில் சாய்ந்தது என்று அப்பா சாதித்தார். அப்போ இடிக்கணுமா வேண்டாமா என்று கொத்தனார் கேட்டதற்கு, அப்பா "யார் இடிக்கச் சொன்னா? நன்னாக்கித் தாரும்" என்று சொல்லி என்னை முறைத்தார், நான்தான் இடிக்கச் சொன்னதுபோல. நான் சாயா போட உள்ளே போய்விட்டேன், அங்கே நின்றிருந்தால் அழுதிருப்பேன்.

பேக்கரி அடுப்புக்கு வைக்கிற தீச்செங்கல் வேண்டும் என்றதும், இடுப்பில் பெல்ட்டோடு அப்பாவே வைட்டிலாவுக்கு அப்பால் போய் ஆட்டோவில் ஏற்றி வந்தார். உள்பக்கத்தைப் பிரித்து, சூடு தாங்கும் களிமண் குழைத்து அதை வைத்தார்கள், வெளிச்சுவரைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விட்டு, சூட்டில் செங்கல் விரிய இடம் வேண்டுமாம். நீ கட்டின சுவரை மட்டும் நேராக்க அப்பா விடவில்லை. விழுந்த வரிசைக்கும் உன் செங்கல்லையே கழுவி வைக்கச் சொன்னார். பத்து நாள் காயவிட்டு, பிறகு தினமும் சாயங்காலம் நாலு தேங்காய்ச் சிரட்டை போட்டுச் சின்னத் தீயாகப் பழக்கினார். நேற்று கப்பைக்கிழங்கு சுட்டார். ஒரு பக்கம் கரி, மறு பக்கம் பச்சை, பிரமாதம் என்று அவரே சொல்லிக்கொண்டு தின்றார்.

கம்பி வலை இரண்டு வாங்கியிருக்கிறார். ஒன்று என் கத்திரிக்காய்க்கு. இன்னொன்றைக் கார் ஷெட்டில் ஆணியில் மாட்டி, இது சமையல்கட்டுக்கு வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார், எதற்கென்று நான் எழுத வேண்டியதில்லை.

வேளைக்குச் சாப்பிடு, தலையில் எண்ணெய் வை, அம்பாள் உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். ஒன்று மறக்காதே. வலையைத் தீக்கு எத்தனை விரல் மேலே வைக்க வேண்டும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார். நான் கேட்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். இங்கே காலை பத்து மணிக்கு அவர் போனிலேயே கூப்பிட்டுச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா
விசாலாக்ஷி வெங்கிடாசலம்