மல்லாட்டைக்கு வைத்த பணம்

நம் மில்லில் நின்றிருந்த இரண்டாவது எண்ணெய் பிழியும் மெஷினை, அந்த எக்ஸ்பெல்லரை, நேற்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டேன். கேஸ் கட்டர் வைத்து அறுத்தபோது, இடுக்குகளில் ஊறிக் கிடந்த கடலை எண்ணெய் கருகிப் புகைந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் பழைய கோபம் அப்படியே வந்துவிட்டது, பாய். நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. உன்மேல் எனக்குள்ள ஆத்திரம் மட்டும் இன்னும் திண்டிவனத்திலேயே உட்கார்ந்திருக்கிறது.

எண்பதுகளின் தொடக்கம் அது. மயிலம் பக்கத்துக் கிராமங்களில் சைக்கிளில் சுற்றி, எங்கள் பக்கம் மல்லாட்டை என்கிற நிலக்கடலையை வாங்கி, மார்க்கெட் கமிட்டி ஏலத்தில் விற்று, மெல்ல ஒரு கடை பிடித்திருந்தவன் நான். நீ கோட்டக்குப்பத்திலிருந்து துபாய் போய், எட்டு வருஷம் வயரிங் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடு திரும்பியவன். வீட்டு வாசலில் உன் மகளே உன்னை யாரோ என்று நினைத்து உள்ளே ஓடிவிட்டாளாம். இனி விமானம் ஏறுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்ததாகச் சொன்னாய். திண்டிவனத்தில் உன் மாமனார் கொடுத்த கொட்டகை, உன் பணம், என் வியாபாரம். எண்ணெய் மில் போட இது போதும் என்று கூட்டுச் சேர்ந்தோம். மில் படுத்தால் எனக்குக் கடை இருந்தது. உனக்கு மறுபடியும் துபாய்தான்.

பணத்தை முதலிலேயே இரண்டாகப் பிரித்துச் சொன்னேன். ஒரு பங்கு மெஷினுக்கு, ஒரு பங்கு மல்லாட்டைக்கு. பங்குனி, சித்திரையில் அறுவடை வந்து குவியும், விலை இறங்கும், அப்போது கையில் காசு உள்ளவன் வாங்கி அடுக்கினால் ஆறு மாதம் மில் ஓடும். மெஷினில் போட்ட பணம் நின்ற இடத்தில் நிற்கும். மல்லாட்டையில் போட்ட பணம்தான் எண்ணெயாகி, பிண்ணாக்காகி, மறுபடியும் கைக்கு வந்து, மறுபடியும் மல்லாட்டையாகும். எத்தனை தடவை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் "தெரியும்யா" என்றாய்.

முதல் மெஷினை மாட்டி முடித்து, பங்குனி பிறந்ததும் சாக்கு வாங்க உன்னை விழுப்புரம் அனுப்பினேன். போகிற வழியிலேயே தரகரைப் பார்த்து விலை பேசிவிட்டு வா என்று மல்லாட்டைப் பணத்தையும் கையில் கொடுத்தேன். சாக்கு வாங்கப் போன நீ சாயங்காலம் ஒரு லாரியில் எக்ஸ்பெல்லரோடு வந்து இறங்கினாய்.

"யோவ், பாதி வெலைக்குக் கெடச்சுது. மூடுன மில்லு. உட்டா வேற எவனாவது தூக்கிக்கினு போயிருப்பான்."

"சாக்கு எங்க?"

"சாக்கு என்னாத்துக்கு? காசு பூரா இதுக்குப் போச்சே."

"அப்ப இதுல எத்தைப் போட்டு ஆட்டுறது பாய்? உன் தலையையா?"

"கோவப்படாத. ரெண்டு மெஷின், டபுள் லாபம்."

"டபுள் பட்டினி" என்றேன்.

வங்கியில் பேசினேன். சரக்கின் பேரில் கடன் தருகிறேன் என்றார் மேனேஜர். நீ ஒரே வார்த்தையில் முடித்தாய். "வட்டி எனக்கு ஆவாது. குடுக்கவும் மாட்டேன், வாங்கவும் மாட்டேன்." அது உன் மார்க்கம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் கடன் வாங்காதவன் கைக்காசை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டாமா? இன்றைக்கும் எனக்கு ஆறாதது அதுதான்.

மூன்று வாரம் மில் சும்மா நின்றது. ஓடினாலும் ஓடாவிட்டாலும் கரண்டுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் கட்டியாக வேண்டும். ஆட்கள் இரண்டு பேருக்குக் கூலி. கமிட்டியில் மலைபோல் மல்லாட்டை. நான் ஏலத்தில் கைகட்டி நின்று அடுத்தவர்கள் வாங்குவதைப் பார்த்துவிட்டு வந்தால், நீ புது மெஷினைத் துணி வைத்துத் துடைத்துக்கொண்டிருப்பாய். ஒரு நாள் துடைத்தபடியே, "பாஸ்போர்ட்டு புதுப்பிக்க எத்தினி நாள் ஆவும்?" என்று கேட்டாய்.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ, மயிலம் பக்கத்து அம்மா ஒருவர் வண்டியில் ஆறு மூட்டையோடு வந்தார். அன்றைய ஏல விலை கட்டுப்படியாகாமல் சரக்கைத் திருப்பி ஓட்டிக்கொண்டு வந்தவர்.

"இந்த வெலைக்குக் குடுக்கறதுக்கு ஆட்டி எண்ணெயா வித்துக்கறேன். எண்ணெ எனக்கு, பிண்ணாக்கு உங்களுக்கு. எங்க ஊரு செக்குல அப்படித்தான் கூலி."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நீ மோட்டாரைப் போட்டுவிட்டாய். அதோடு விட்டாயா? கிளம்பும்போது, "மாட்டுக்கு வச்சிக்கோங்கம்மா" என்று ஒரு மூட்டைப் பிண்ணாக்கைத் தூக்கி அவர் வண்டியிலேயே போட்டாய்.

"பாய், அது நம்ம கூலி."

"மாடு இன்னா பண்ணும் பாவம்."

அந்த அம்மா ஊரில் போய்ச் சொல்ல, பத்து நாளில் வாசலில் வண்டிகள் வரிசை கட்டின. ஊரான் வீட்டு மல்லாட்டை; நமக்குச் சரக்கில் ஒரு காசு முடங்கவில்லை. இரண்டு மெஷினும் ஓடின. பெட்டியை விட்டுப் பாஸ்போர்ட் வெளியே வரவில்லை. நீ செய்த முட்டாள்தனம் உன்னைக் காப்பாற்றியதுகூட எனக்குப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. நாலு மாதம் கழித்து நீ ஒரு காகிதத்தை நீட்டினாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. பிண்ணாக்கு விற்ற வரவில் கரண்டு, கூலி இரண்டையும் கழித்து, "ஆறாயிரம் லாபம். பாத்தியா?" என்றாய்.

"கொட்டகைக்கு வாடகை?"

"என் கொட்டகைக்கு நானே வாடகை குடுக்கணுமா?"

"நம்ம ரெண்டு பேர் சம்பளம்?"

"நம்ம வேலைக்கு நாமளே கூலியா? பேஜாரு பண்ணாதய்யா."

"சம்பளம் எடுக்காம ஒழைச்சா எந்த மில்லும் லாபத்துலதான் ஓடும் பாய்."

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உட்கார வைத்து எழுதிக் காட்டினேன். கொட்டகையை வெளியாளுக்கு விட்டால் மாதம் முன்னூறு வரும். நாலு மாதத்துக்கு ஆயிரத்து இருநூறு. நாம் இருவரும் வேறு எங்கே உழைத்திருந்தாலும் ஆளுக்கு மாதம் ஐந்நூறு, அது நாலாயிரம். தேய்ந்துபோன மெஷின் பாகங்களை மாற்ற ஆயிரத்து நூறு. ஆக, முன்னூறு ரூபாய் நஷ்டம். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"இன்னும் ஒண்ணு பாக்கி" என்றேன். "உன் பணம் சும்மா வந்துச்சா? எட்டு வருஷம் பொண்ணு மொகம் பாக்காம வந்த பணம். வட்டி வேணாம், சரி. அதுக்கு ஒரு வெலையே இல்லையா?"

காகிதத்தை என் பக்கம் தள்ளி, "எல்லாத்தையும் ஒப்பந்தமா எழுதுய்யா" என்றாய்.

இன்றைக்கு என் சொந்தக் கட்டடத்துக்கு நானே வாடகை எழுதுகிறேன், எனக்கே சம்பளம் எழுதுகிறேன். என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். உன்னிடம் தொண்டை வறளக் கத்திக் கத்தி எனக்குள்ளேயே பதிந்துபோன பழக்கம் அது. ஆனால் அன்றைக்கு நீ எழுதச் சொன்ன கடைசி வரியை இத்தனை வருஷத்தில் வேறு எந்த ஒப்பந்தத்திலும் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. நஷ்டமும் பாதிப் பாதி என்று நான் எழுதப் போனேன். நீ பேனாவைப் பிடித்து நிறுத்தினாய்.

"பணம் என்னுது. போனா என்னுது போவட்டும். உனக்கு நீ பட்ட பாடு போவும், அதுவே நஷ்டம்தான்."

"எந்த வியாபாரியும் இப்படி எழுத மாட்டான் பாய்."

"போனா நான் துபாய் போறேன். உன்னையா அனுப்பப் போறேன்? ஜல்தி எழுது, டீ ஆறுது."

எனக்குச் சாதகமான ஒரு வரிக்காக உன்னோடு நானே அரைமணி நேரம் சண்டை போட்டேன். நீ அசையவில்லை. கொட்டகை வாடகை மாதம் முன்னூறு உனக்கு. சம்பளம் ஆளுக்கு ஐந்நூறு. ஆட்டும் மூட்டைக்கு ஒரு ரூபாய் மெஷினுக்கு ஒதுக்க வேண்டும். மிஞ்சினால் உன் பணத்துக்குப் பாதி, என் வியாபாரத்துக்குப் பாதி. போனால் உன் பணம்.