செயலாளர் வாசித்த ஓய்வு

ராஜகீழ்ப்பாக்கம்,
டிசம்பர், திங்கட்கிழமை.

அன்பு மகள் அபிகாயிலுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஆண்டவர் கிருபையால் நானும் உன் அம்மாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம், வீட்டளவில் நன்றாக இல்லை. நீ அங்கே நலம் என்று நம்புகிறேன். நம்பத்தான் முடிகிறது, ஏனென்றால் உன்னைப் பற்றிய செய்தி இப்போதெல்லாம் எனக்கு ஊர் வழியாகத்தான் வந்து சேர்கிறது. போனில் பேசினால் கத்திவிடுவேன், உன் அம்மா பிடுங்கிக்கொள்வாள், அதனால்தான் தபால். பாதியில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

உங்கள் கால்பந்து ஆட்டங்கள் முடிந்துவிட்டதால் இரண்டு வாரம் முன்பு ஆராதனைக்குப் போனேன். அங்கே நீங்கள் மதியம் ஆட்டம் தொடங்கும் நேரமும் இங்கே சபையில் மணியடிக்கும் நேரமும் ஒன்று, அதனால் சீசன் முழுக்க நான் போனில் உன் ஆட்டம் பார்க்க உட்கார்ந்துவிடுவேன், சபைக்குப் போவதில்லை, அதற்காக என்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்பதும் தெரியும், பேசட்டும். அன்று, நன்றிக்கான காரணம் எழுதிப் போட்ட ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர்களைச் சபைச் செயலாளர் ஒவ்வொன்றாக வாசித்தார். பேரன் பிறந்ததற்காக, கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்ததற்காக, புது வண்டிக்காக. அடுத்தது, "எட்மண்ட் ஞானசௌந்தரி குடும்பத்தார், தங்கள் மகள் அபிகாயில் கால்பந்து ஆட்டத்தை விட்டு ஜப்பானிலிருந்து திரும்பி வருவதற்காக." எட்மண்ட் நான்தான். என் பெயரில், என் காதுக்கே அறிவிப்பு. பின்னாலிருந்தவர் தோளைத் தட்டி வாழ்த்துச் சொன்னார். பெண்கள் பக்கம் பார்த்தேன், உன் அம்மா பாமாலைப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்திருந்தாள்.

வீட்டுக்கு வந்து கேட்டதற்கு, "அவளேதாங்க சொன்னா, முழங்கால் வலிக்குது, கூட ஆடுற கனாயே அக்காவும் நின்னுட்டாங்க, போதும்னு தோணுதும்மான்னு. பெத்தவளுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" என்றாள். தோணுகிறது என்றால் முடிவா? எனக்கு மழைக்காலத்தில் தினமும் என்னென்னவோ தோணுகிறது. மேடவாக்கத்தில் ஆரோன் என்ற பையனையும் பார்த்து வைத்திருக்கிறாளாம். பையன் மேல் எனக்குக் குறையில்லை, தண்ணீர் லாரி வந்தால்தான் குளிக்க முடிகிற அடுக்குமாடியில் இருக்கிறான், அவ்வளவுதான். கிளப் இன்னொரு வருடத்துக்கு உன்னை வைத்துக்கொள்ளக் கேட்டிருக்கிறது, ஜனவரி முடிவதற்குள் நீ பதில் சொல்ல வேண்டும் என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. இத்தனை பேருக்குத் தெரிந்த பிறகு எனக்கு!

கனாயே நின்றால் நீ ஏன் நிற்க வேண்டும்? நீ சேர்ந்த நாளிலிருந்து உன்னைப் பார்க்கும்போது பக்கத்தில் அவளையும்தானே பார்க்கிறேன். எனக்கு எந்தக் கோச்சும் சொல்லித் தரவில்லை, மறைமலை நகரில் பிரஸ் மெஷின் ஓட்டியவன், பார்த்துப் பார்த்தே பின்வரிசை ஆட்டம் என்னவென்று தெரிந்துகொண்டேன். கனாயே பள்ளிக்கூடம் முடித்த கையோடு அந்தக் கிளப்பில் சேர்ந்து, காலையில் மீன் தொழிற்சாலை, மாலையில் பயிற்சி என்று முப்பத்து நாலு வயது வரை ஓட்டினாள். தேசிய அணி ஒரே ஒரு முறை கூப்பிட்டு, ஓரத்தில் உட்காரவைத்துத் திருப்பி அனுப்பியது. இரண்டு முழங்காலிலும் கத்தி பட்டது. நான் பார்த்த வரையில் அவள் அடித்த கோல் ஒன்றே ஒன்று, அதுவும் சொந்த வலைக்குள். அடுத்த நிமிடமே ஒன்றும் நடக்காததுபோல் கையை உயர்த்தி உன்னை இடப்பக்கம் நகரச் சொன்னாள். அன்று முதல் அந்த அம்மா மேல் எனக்கு மரியாதை. கடைசி ஆட்டம் முடிந்ததும் பூங்கொத்தோடு நின்று, மைக்கைப் பிடித்து, தானே சொன்னாள். எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை, ஆனால் சொன்ன வாய் அவள் வாய். தன் அப்பாவிடம் முன்பே சொல்லிவிட்டாள், அவர் முதல் வரிசையில் நின்று கைதட்டினார் என்று எழுதியவளே நீதான். அவள் ஓய்வை அவள் சொன்னாள். உன் ஓய்வைச் செயலாளர் வாசித்தார். இதுதான் என் கோபம், முழங்கால் இல்லை, மேடவாக்கம் இல்லை.

மறுநாள் தண்ணீர் கேன் கடைப் பொன்னுரங்கம், என்னோடு உட்கார்ந்து உன் ஆட்டம் பார்ப்பவன், "இன்னா சார், பாப்பா இனிமே ஆடாதாமே? கனாயேம்மாவும் பூட்ச்சு, இதுவும் பூட்டா பின்னாடி யாரு கீறாங்க? தொறந்த வூடு மாதிரி ஆய்டுமே" என்று கடை வாசலிலேயே புலம்பினான். அவனுக்கு இருக்கிற கவலை என் வீட்டில் இல்லை. நேற்று நானும் ஒரு கவர் போட்டேன், "எங்கள் மகள் அபிகாயில் இன்னும் ஒரு வருடம் விளையாடப்போவதற்காக" என்று. செயலாளர் வாசித்துவிட்டு மறுபடி ஒருமுறை மனதுக்குள் வாசித்தார். சபை சிரித்தது. உன் அம்மா என்னோடு ஷேர் ஆட்டோவில் வரவில்லை, நடந்தே வீட்டுக்கு வந்தாள், இன்னும் பேசவில்லை, சோறு மட்டும் வைக்கிறாள். சாயங்காலம் ஆயர் வந்து, "அண்ணே, அக்கா ஒரு கவர் போட்டாங்க, நீங்க ஒண்ணு போட்டீங்க, ஆண்டவர் எதைத்தான் ஏத்துக்குவாரு? அந்தப் பிள்ளைய யாராவது கேட்டீங்களா?" என்றார். அவள் சொல்லட்டும் ஐயா, அவளுக்கு வாய் இருக்கிறது என்றேன். இப்போதும் அதைத்தான் சொல்கிறேன்.

இன்னொரு கவர் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். உன் பெயர் எழுதிவிட்டேன், காரணம் எழுதவில்லை. நீ என்னிடம் சொல்வதைத்தான் எழுதுவேன். திரும்பி வருகிறேன் என்றால் அதையே எழுதுவேன். கோபத்தோடுதான் எழுதுவேன், ஆனால் உன் வார்த்தையில் ஒன்றைக்கூட மாற்றமாட்டேன். முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொள், குளிரில் வெறுங்காலோடு நடக்காதே, காலையில் சாப்பிடாமல் வேலைக்குப் போகாதே. கிறிஸ்துமஸுக்கு உன் அம்மா கல்கல் பலகாரம் அனுப்புவாள், அவளிடம் கோபித்துக்கொள்ளாதே, கோபம் என் வேலை. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. ஞாயிறு காலை நம் ஊர் நேரம் ஒன்பதரைக்குக் கூப்பிடு. அந்த நேரத்தில் இப்போது ஆட்டம் இல்லை, ஆனாலும் பொன்னுரங்கம் கடையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கோபம் தணியாத உன் அப்பா,
எட்மண்ட்